கொக்ளியர் கருவியில் கேட்கும் குரல் மாதக்கணக்கில் மாறுவது ஏன்?

கொக்ளியர் இம்பிளான்ட் என்பது காது கேளாதவரின் உட்காதுக்குள் சத்திரசிகிச்சை செய்து வைக்கும், செவிநரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவி. அதை வைத்து, காயம் ஆறி, சில வாரங்கள் கழித்துத்தான் கருவியை முதன்முதலாக இயக்குவார்கள். வீட்டாருக்கு அது "சுவிச் போடுற நாள்". விடியமுன்னமே எழும்பி, ஏ-9 வீதியில் பஸ் பிடித்து, நெடுந்தூரம் போய், கிளினிக் கதிரைகளில் இருந்தபடி எல்லோரும் ஒரு முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கருவியைப் போட்டதும் பழையபடி கேட்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு. ஆனால் வளர்ந்த பிறகு காது போனவர்கள் அன்றைக்குச் சொல்வது பெரும்பாலும் வேறு. "ஆரோ கீச்சிடுற மாதிரி இருக்கு." "தகரத்துக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரிக் கேக்குது." "ஆம்பிளை ஆர், பொம்பிளை ஆர் எண்டே தெரியேல்லை." சிலருக்குச் சொல்லே இல்லை, மணிச்சத்தம் மட்டும். வீடு திரும்பிய ஒரு கிழமைக்குள் "இது சரிவராது" என்று கருவியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது பெரிய இழப்பு. ஏனென்றால் முதல் நாள் கேட்ட சுருதி முடிந்த முடிவு அல்ல. கருவி அப்படியே இருக்க, உள்ளே மின்சாரம் கொடுக்கும் அதே சிறு முனை, அதாவது மின்வாய், அதே துடிப்பை அனுப்ப, காதுக்குப் படும் சுருதி மட்டும் மாதக்கணக்கில் நகரக்கூடும். அதை நகர்த்துவது மூளை. அது எப்படி நடக்கிறது, எவ்வளவு தூரம் நடக்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதைப் பொறுமையாகப் பார்ப்போம்.

காதுக்குள் சுருதி இருக்கும் இடம்

பள்ளிக்கூட விஞ்ஞானத்தில் ஒலிக்கு உரப்பு, சுருதி, பண்பு என்று மூன்று இயல்புகள் படித்திருப்போம். உரப்பு என்பது சத்தம் பெரிதா சிறிதா என்பது. சுருதி என்பது குரல் தடித்துக் கீழே நிற்கிறதா, மெலிந்து மேலே ஏறுகிறதா என்பது. ஒரு செக்கனில் எத்தனை அதிர்வு என்ற கணக்கு, அதாவது மீடிறன், கூடக்கூடச் சுருதியும் உயரும். வளர்ந்த ஆணின் பேச்சுக்குரல் ஏறத்தாழ 100 முதல் 130 ஹேர்ட்ஸில் அதிரும். பெண் குரல் 200 அளவில். சின்னப் பிள்ளைகளின் குரல் 300 ஹேர்ட்ஸ் பக்கம் போகும்.

இந்த வேறுபாட்டை உட்காது எப்படிப் பிடிக்கிறது? உட்காதுக்குள் இருக்கும் நத்தைச்சுருளை நீட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 35 மில்லிமீற்றர்தான். அது இரண்டரைச் சுற்றுக்குச் சற்று மேலாகச் சுருண்டிருக்கிறது. அதன் நீளம் முழுக்க ஒரு மென்சவ்வு ஓடுகிறது. ஹங்கேரியில் பிறந்த கியோர்க் பெகேசி என்ற விஞ்ஞானி, ஒலி உள்ளே வந்ததும் அந்தச் சவ்வில் ஓர் அலை ஓடுவதையும், ஒவ்வொரு மீடிறனுக்கும் அந்த அலை ஒவ்வோர் இடத்தில் உச்சம் தொடுவதையும் கண்டார். அந்த ஆய்வுக்காக 1961இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. வாசலருகே உயர்ந்த சுருதி, சுருளின் உள் நுனியில் தாழ்ந்த சுருதி என்பதே ஒழுங்கு. வாசலிலிருந்து பெரும்பகுதி நீளத்துக்கு, 5 மில்லிமீற்றர் உள்ளே போக ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கும், அதாவது மீடிறன் பாதியாகும்.

ஆகவே மூளைக்குச் சுருதி என்பது முதலில் ஓர் இடம். இந்த இடத்து நரம்பு துடித்தால் இந்தச் சுருதி என்ற ஒழுங்கு, பிறந்த நாளிலிருந்து கேட்ட ஒவ்வொரு குரலாலும் உறுதிப்பட்டது. இந்த ஒரு விடயம் பிடிபட்டால் மீதி எல்லாம் இலகு.

சவ்வின் மேல் வரிசையாக நிற்கும் மயிர்க்கலங்கள்தான் அதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுகின்றன. வேலையின் பெரும்பாரத்தைச் சுமக்கும் உள்வரிசைக் கலங்கள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 3,500 மட்டுமே. அழிந்தால் மனிதரில் அவை மீண்டும் முளைப்பதில்லை. பிறவியிலேயே பழுதாக இருக்கலாம். மூளைக்காய்ச்சல் அழிக்கலாம். சில ஊசிமருந்துகள் அழிக்கலாம். வன்னியில் எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு காரணமும் உண்டு, ஷெல் அதிர்ச்சி. 2009இல் போர் முடியும் வரைக்கும் பங்கருக்குள்ளும் வெட்டைவெளியிலும் அந்தச் சத்தத்தை வாங்கிய காதுகள் புதுக்குடியிருப்பிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை எத்தனையோ. வெடிச்சத்தத்தால் செவிப்பறை மட்டும் கிழிந்திருந்தால் அதற்கு வேறு சிகிச்சை இருக்கிறது, கொக்ளியர் கருவி தேவைப்படாது. மயிர்க்கலங்கள் பெருமளவு போய், காதுமெசின் போட்டும் சொல் விளங்காத நிலையில்தான் இந்தச் சத்திரசிகிச்சையைப் பற்றி யோசிப்பார்கள். கலங்கள் போனாலும் அவற்றின் பின்னால் உள்ள செவிநரம்பு பெரும்பாலும் உயிரோடு இருக்கும். கருவி நம்பியிருப்பது அந்த நரம்பை.

கருவி செய்வது என்ன

காதுக்குப் பின்னால் மாட்டும் பகுதியில் ஒரு மைக்கும் ஒரு சிறு கணினியும் இருக்கின்றன. அது வரும் ஒலியை மீடிறன் வாரியாகப் பல கூறாகப் பிரிக்கும். தலையில் காந்தத்தால் ஒட்டி நிற்கும் வட்டச் சுருள் அந்தத் தகவலைத் தோலினூடே உள்ளே அனுப்பும். உள்ளே இருக்கும் பகுதியிலிருந்து மெல்லிய இழையொன்று நத்தைச்சுருளுக்குள் போகிறது. இழையில் வரிசையாக மின்வாய்கள். கொக்ளியர் நிறுவனக் கருவியில் 22, அட்வான்ஸ்ட் பயோனிக்ஸில் 16, மெட்-எல்லில் 12. தாழ்ந்த ஒலிக் கூறுகள் உள் நுனி மின்வாய்க்கும் உயர்ந்தவை வாசலருகு மின்வாய்க்கும் போகும்படி பங்கிடப்பட்டிருக்கும். காதின் இயற்கை ஒழுங்கும் அதுதானே.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். இழை நத்தைச்சுருளின் கடைசி நுனி வரைக்கும் போவதில்லை. பல இழைகள் ஒரு சுற்றோ ஒன்றரைச் சுற்றோ போனதும் நின்றுவிடும். அப்படி நிற்கும் நுனி மின்வாய் தொடும் நரம்புகள் இயற்கையில் 600 ஹேர்ட்ஸ் அளவிலோ அதற்கு மேலோ பாடிப் பழகியவை. ஆனால் பேச்சு விளங்க வேண்டுமென்றால் 200, 300 ஹேர்ட்ஸில் வரும் ஒலியையும் எங்காவது கொடுத்தாக வேண்டும். வேறு இடம் இல்லாததால் அந்த நுனி மின்வாய்க்கே கொடுக்கிறார்கள். மற்ற மின்வாய்களும் இதே வழியில் தங்கள் இயற்கை இடத்தைவிடத் தாழ்ந்த ஒலிகளைச் சுமக்கின்றன. விளைவு, ஒரு ஸ்தாயியோ அதற்கு மேலோ இடம் தள்ளிப்போகிறது.

கோவில் பஜனையில் ஸ்கேல் சேஞ்சர் ஆர்மோனியம் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கட்டைகளின் பலகையை இழுத்து மேலே தள்ளிவிட்டால், விரல் வழமையான ச-வில்தான் அழுத்தும், காற்றுப் போவதோ மேலேயுள்ள வேறொரு ரீட்டுக்கு. வாசிப்பவர் பாட்டை மாற்றவில்லை, கேட்பவருக்குப் பாட்டு உயர்ந்துவிட்டது. சுவிச் போட்ட நாளில் புருசனின் தடித்த குரல் மெலிந்து கேட்பதற்கு இதுவே முக்கிய காரணம்.

எல்லோருக்கும் மெலிந்துதான் கேட்கும் என்றும் இல்லை. சிலருக்கு மங்கலாக, கரகரப்பாக, இரும்பில் தட்டினதுபோலக் கேட்கும். காதுக்குள் இருக்கும் திரவத்தில் மின்னோட்டம் பரவிவிடுவது அதற்கு ஒரு காரணம். ஒரு மின்வாய் துடித்தால் அதன் பக்கத்து நரம்புகளும் சேர்ந்து துடிக்கும். 22 மின்வாய் இருந்தாலும் ஒன்றிலிருந்து ஒன்று தெளிவாகப் பிரிந்து நின்று உதவுவது பலருக்கு எட்டுப் பத்து வழிகள் அளவுதான். 3,500 மயிர்க்கலம் செய்த நுண்வேலைக்கு அது எவ்வளவு குறைவு என்று யோசித்துப் பாருங்கள். அதை வைத்துக்கொண்டும் டெலிபோனில் கதைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது என்னை இன்றுவரை வியக்க வைக்கிறது.

மூளை இடத்தை மாற்றி எழுதுகிறதா?

எனக்கு மாமி முறையான ஒருவர் மல்லாவிப் பக்கம் இருக்கிறார். போரில் இரண்டு காதும் போய், வெகு காலம் கழித்துக் கருவி வைத்தவர். தொடக்கத்தில் அவர் வீட்டில் நடந்த கதைவழி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாமா வாசலில் நின்று ஏதோ சொல்ல, மாமி மகனைப் பார்த்து, "இவர் கதைக்கிறது சின்னப் பெடியன் கதைக்கிற மாதிரியெல்லே கிடக்கு" என்றார். "பழகீடும் அம்மா, கழட்டாதேங்கோ" என்றான் மகன். பிறகொரு தடவை போனபோது, "மாமி, இப்ப மாமான்ர குரல் எப்பிடி?" என்று கேட்டேன். "அவற்ற குரல்தான்" என்றார், அதில் என்ன புதினம் என்பதுபோல. எப்போது மாறியது என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை.

இந்தப் பதிலுக்குள் ஒரு கடினமான கேள்வி இருக்கிறது. மாமாவின் குரல் உண்மையிலேயே கீழே இறங்கிவிட்டதா? அல்லது மாமி அந்த மெலிந்த குரலோடு பழகி, பழைய குரலை மறந்து, இதுதான் அவர் குரல் என்று ஏற்றுக்கொண்டுவிட்டாரா? மாமியிடம் எத்தனை முறை கேட்டாலும் விடை வராது. நினைவில் இருக்கும் குரலை வெளியே எடுத்து அளக்க முடியாது. சுருதி நகர்ந்ததா என்று அறிய, நகராத ஒரு சுருதி பக்கத்தில் வேண்டும்.

அந்த நகராத சுருதி அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. அங்கே சில நோயாளிகளுக்குத் தாழ்ந்த ஒலிகள் இயற்கையாகவே கேட்கும், உயர்ந்தவை மட்டும் போயிருக்கும். அவர்களுக்காக 10 மில்லிமீற்றர் நீளமே உள்ள குட்டை இழையொன்றை வாசலருகோடு வைத்தார்கள். மீந்திருக்கும் இயற்கையான கேட்கும் திறன் கெடக்கூடாது என்பது நோக்கம். இப்போது அதே மனிதரிடம் இரண்டும் இருக்கின்றன. மின்வாயால் கேட்கும் ஒலியும் உண்டு, காதால் கேட்கும் ஒலியும் உண்டு. லீனா ரீஸ், கிறிஸ்தோபர் டேர்னர், புரூஸ் கான்ட்ஸ் முதலானோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில் இதைப் பயன்படுத்தினார்கள். ஒரு மின்வாயை மட்டும் துடிக்க வைப்பார்கள். பிறகு இயற்கையாகக் கேட்கும் காதுக்கு ஒரு தனிச்சுருதி கொடுப்பார்கள். எது உயரம்? மின்வாயா, காதா? சுருதியை மாற்றி மாற்றிக் கேட்டு, இரண்டும் ஒன்றுபோலப் படும் இடத்தைப் பிடிப்பார்கள். இதைச் சில மாதங்களில் மறுபடி, அடுத்த வருடம் மறுபடி என்று ஆண்டுக்கணக்கில் செய்தார்கள்.

அந்தக் குட்டை இழையின் நுனி நிற்கும் இடத்துக்கு இயற்கையில் உரிய சுருதி 5,000 ஹேர்ட்ஸ் அளவு. கருவி அந்த மின்வாய்க்குக் கொடுத்த பேச்சொலியோ அதைவிட மிகவும் தாழ்ந்தது. தொடக்கத்தில் பலருக்குச் சுருதி இடத்துக்கு ஏற்ப உயர்ந்தே நின்றது. மாதங்கள் போகப் போகக் கீழே இறங்கியது. சிலருக்கு இரண்டு ஸ்தாயி வரை இறங்கியது. எந்தப் பக்கம் இறங்கியது என்பதுதான் முக்கியம். கருவி அந்த மின்வாய்க்கு எந்த மீடிறனைப் பங்கிட்டிருந்ததோ, அதை நோக்கி. கலங்களும் இழையும் அசையவில்லை. இடத்துக்கும் சுருதிக்கும் இடையிலான உறவை மூளை திருத்திக்கொண்டது என்பதே அவர்கள் எடுத்த முடிவு. இரண்டு ஸ்தாயி என்றால் சாதாரணமல்ல. பாடகர் ஒருவருடைய குரல் ஓடும் எல்லை முழுவதுமே பெரும்பாலும் அவ்வளவுதான்.

மூளை ஏன் இதைச் செய்கிறது? ஒரே சொல் இரண்டு வழியால் வரும்போது அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால், மூளை நம்பகமான பக்கத்தோடு மற்றதை இணக்கப் பார்க்கும். அயோவா நோயாளிகளுக்கு இயற்கையான கேட்கும் திறன் ஒரு சாட்சி. மற்றவர்களுக்கும் சாட்சிகள் இருக்கின்றன. எதிரே பேசுபவரின் உதட்டசைவு, தெரிந்த சொல், முன்பின் வரும் கதை, தன் தொண்டையில் தான் உணரும் அதிர்வு. தொண்டையில் கீழ்க்குரலாக உணர்ந்தது கருவியில் மேல்குரலாகக் கேட்டால், அந்த முரண்பாடு ஒவ்வொரு சொல்லிலும் மூளைக்குத் தெரியும்.

இதை எல்லாருக்கும் பொதுவான விதியாக யாரும் எடுத்துவிடக் கூடாது. ரீஸின் குழுவே பிறகு நீண்ட இழை வைத்தவர்களை ஆராய்ந்து 2015இல் எழுதியபோது பல விதமான போக்குகளைக் கண்டது. சிலருக்குச் சுருதி கருவியின் பங்கீட்டை நோக்கி நகர்ந்தது, சிலருக்கு நகரவேயில்லை. இன்னும் சிலருக்குப் பல மின்வாய்களும் ஒரே தாழ்ந்த சுருதியில் வந்து படுத்துவிட்டன. கேம்பிரிட்ஜில் ரொபேர்ட் கார்லியனும் கூட்டாளிகளும் 2010இல் இன்னொரு எச்சரிக்கை வைத்தார்கள். ஒப்பிடுவதற்கு எந்த எல்லைக்குள் சுருதிகளைக் கொடுக்கிறோமோ, அந்த எல்லையின் நடுப்பக்கமாகக் கேட்பவரின் விடை இழுபடும் என்றார்கள். அவர்கள் பார்த்த நோயாளிகளின் மின்வாய்ச் சுருதி பெரும்பாலும் இயற்கை இடத்தோடே ஒத்துநின்றது. ஆகவே சுருதி எப்போது நகரும், எவருக்கு நகரும் என்பது இன்னும் ஆராய்ச்சி நடக்கும் களம். என் கருத்தில், இரண்டு பக்கமும் நேர்மையான அளவீடு. மனிதருக்கு மனிதர் காது வேறு, மீந்த நரம்பு வேறு, காது கேளாமல் இருந்த காலமும் வேறு.

சுருதி நகராதவருக்கும் பேச்சு விளங்கும்

இங்கே இரண்டு விடயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தனி மின்வாயின் சுருதி இறங்குவது ஒன்று. தள்ளிப்போன ஒலியிலிருந்து சொல்லைப் பிடிக்கப் பழகுவது இன்னொன்று. இரண்டாவது மிக விரைவாகத் தொடங்கிவிடும்.

இதற்கு லண்டனில் ஸ்டுவர்ட் ரோசனும் தோழர்களும் 1999இல் செய்த சோதனை நல்ல உதாரணம். நன்றாகக் காது கேட்பவர்களை அழைத்து, கொக்ளியர் கருவியில் வருவதுபோலப் பேச்சைச் சிதைத்து, அதையும் நத்தைச்சுருளில் 6.5 மில்லிமீற்றர் மேலே தள்ளியதற்குச் சமமாக மாற்றிக் கேட்க வைத்தார்கள். தொடக்கத்தில் வசனங்களில் ஏறக்குறைய ஒரு சொல்லும் விளங்கவில்லை. மொத்தம் மூன்று மணித்தியாலம் அளவு பயிற்சிக்குப் பிறகு ஏறத்தாழ 30 சதவீதச் சொற்கள் விளங்கின. மூன்று மணித்தியாலத்தில் இவ்வளவென்றால், ஒரு வருடம் நாள் முழுக்கக் கருவியோடு இருப்பவரின் மூளை எவ்வளவு செய்யும் என்று எண்ணலாம்.

தமிழ்ப் பேச்சில் இது எங்கே தட்டுப்படும்? உயிரெழுத்துகளில் முதலில். "இ" என்று சொல்லும்போதும் "உ" என்று சொல்லும்போதும் குரல்நாண் ஒரே சுருதியில் அதிரலாம். வித்தியாசம், வாய்க்குள் எந்த மீடிறன்கள் திரண்டு நிற்கின்றன என்பதில் இருக்கிறது. இரண்டுக்கும் கீழ்த்திரட்சி ஒரே அளவுதான். மேல்திரட்சி "இ"-க்கு 2,000 ஹேர்ட்ஸுக்கு மேல், "உ"-வுக்கு 1,000 ஹேர்ட்ஸுக்குக் கீழ். எல்லாம் மேலே தள்ளிப்போகும்போது ஓர் உயிர் இன்னொன்றின் இடத்தில் வந்து விழும். "குடி"யும் "கிடு"வும் குழம்பும். ல, ள, ழ மூன்றும் நாக்கு நிற்கும் இடத்தால் திரட்சிகள் மாறும் ஒலிகள் என்பதால் அவை இன்னும் சோதிக்கும். புதிய இடங்களில் இவற்றைத் திரும்பக் கண்டுபிடிப்பதுதான் முதல் ஆறு மாத வேலையின் பெரும்பகுதி.

ஒரு பக்கத்தில் தமிழ் உதவியும் செய்கிறது. "வந்திட்டார்" என்பதைக் கேள்வியாக்க "வந்திட்டாரா" என்று ஓர் ஆகாரம் சேர்க்கிறோம். குரலை மட்டும் உயர்த்திக் கேள்வி கேட்கும் இடம் குறைவு. சீன மொழியில் சுருதி மாறினால் சொல்லே மாறிவிடும், அங்கே கருவி வைத்தவர்களின் பாடு கடினம். நமக்கு அந்தச் சுமை இல்லை. ஆனால் கோபமா பகிடியா, ஆசையாகக் கூப்பிடுகிறாரா அலுத்துப்போய்க் கூப்பிடுகிறாரா என்பதைச் சுருதிதான் சொல்கிறது. அது பிடிபடாத காலத்தில் வீட்டில் வீண் மனஸ்தாபம் வரும். வீட்டார் இதைத் தெரிந்திருந்தால் பாதி மனவருத்தம் குறையும்.

மெப்பிங்கை இயற்கை இடத்துக்கே மாற்றினால் என்ன?

எந்த மின்வாய்க்கு எந்த மீடிறன் என்று கருவியில் பங்கிடுவதுதான் மெப்பிங். அதை மாற்றலாமே என்பது நியாயமான கேள்வி. நுனி மின்வாய் 600 ஹேர்ட்ஸ் இடத்தில் நிற்கிறது என்றால், அதற்கு 600 ஹேர்ட்ஸையே கொடுத்துவிடலாம்தானே? கொடுக்கலாம். ஆனால் அதற்குக் கீழே உள்ள பேச்சொலி முழுவதையும் இழக்க வேண்டும். அங்கேதான் உயிரெழுத்துகளின் கீழ்த்திரட்சி நிறைய இருக்கிறது. அதனால்தான் இடம் தள்ளினாலும் பரவாயில்லை என்று முழு எல்லையையும் கொடுத்து, மீதியை மூளையிடம் விடுகிறார்கள். இழையையே நீளமாக்குவது இன்னொரு வழி, 31 மில்லிமீற்றர் வரை போகும் இழைகள் உண்டு. சத்திரசிகிச்சைக்குப் பின் ஸ்கேன் எடுத்து, ஒவ்வொரு மின்வாயும் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பங்கிடும் முறையும் இப்போது வந்திருக்கிறது.

பழகிய மெப்பை அடிக்கடி மாற்றுவதில் ஆபத்தும் இருக்கிறது. 2002இல் ஃபு, ஷானன், கல்வின் ஆகியோர், கருவிக்கு ஏற்கெனவே பழகியிருந்த சிலருக்குப் பங்கீட்டை வேண்டுமென்றே இடம் தள்ளி மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். முன்னேற்றம் வந்தது, ஆனால் மூன்று மாதம் கழித்தும் பழைய நிலைக்கு முழுதாக எட்டவில்லை. ஒரு மெப்பில் பழக மாதங்கள் எடுக்கும்போது, கிழமைக்குக் கிழமை "இது சரியில்லை, மாத்தித் தாங்கோ" என்று கேட்பது மூளையைத் தொடக்கத்துக்கே திருப்பி அனுப்புவதாகும். உரப்பு கூடிப்போய் வலித்தால், கண் துடித்தால், உடனே சொல்ல வேண்டும். குரல் விசித்திரமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அவசரப்பட வேண்டியதில்லை.

பிறவியிலேயே கேளாத பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களிடம் பழைய ஒழுங்கே இல்லை. கருவி தரும் இடந்தான் அவர்களுக்கு முதல் இடம், அதனால் குரல் மெலிந்துவிட்டது என்று அவர்கள் முறையிடப் போவதில்லை. அவர்களுக்குப் பிரச்சினை காலம். அனு சர்மாவும் மைக்கேல் டோர்மனும் மூளையலைகளை அளந்து காட்டியதுபோல, ஏறத்தாழ மூன்றரை வயதுக்குமுன் கருவி பெற்ற பிள்ளைகளின் கேட்டல் மூளைப்பகுதி வயதுக்கேற்ற வேகத்துக்கு வந்துவிடுகிறது. ஏழு வயதைத் தாண்டினால் பெரும்பாலும் வருவதில்லை. குளக்கட்டுக்கு அப்பால், பஸ் ஒன்றோ இரண்டோ போகும் கிராமத்தில் ஒரு குழந்தை கூப்பிட்டும் திரும்பவில்லை என்றால், "பிந்திக் கதைப்பான், அவன்ர தேப்பனும் அப்பிடித்தான்" என்று காத்திருப்பதுதான் மிகப் பெரிய நட்டம். ஒரு வயது தாண்டுமுன்னமே காது பரிசோதனை செய்துவிட வேண்டும்.

பாட்டு ஏன் பின்தங்குகிறது

பின்னேரத்தில் பாண் ஓட்டோ வரும்போது அதிலே ஓடும் அந்த மெட்டு ஊருக்கே தெரியும். மாமி அதைக் கேட்டு "பாண்காரன் வாறான்" என்று சரியாகச் சொல்லுவார். ஆனால் மெட்டைக் கேட்டுத்தான் சொன்னாரா? அதே சுரங்களை அதே தாளமில்லாமல், எல்லாம் சம இடைவெளியில் வாசித்தால் கருவி வைத்தவர்களில் பலர் தெரிந்த பாட்டையே அடையாளம் காண்பதில்லை. பாண் ஓட்டோவை அவர் பிடித்தது தாளத்தாலும் நேரத்தாலும், தூரத்திலிருந்து நெருங்கும் உரப்பாலும்.

கருவி தாளத்தை அருமையாகக் கொடுக்கிறது. வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலில் பறையும் உடுக்கும் எந்த நடையில் போகின்றன என்று கருவி வைத்தவரும் கையால் தட்டிக் காட்டலாம். நாதஸ்வரம் எந்த இராகம் என்பது வேறு கதை. ஒரு ஸ்தாயிக்குள் 12 சுரத்தானங்கள். சாதாரணக் காது ஒரு சுரத்தானத்துக்கும் குறைந்த வித்தியாசத்தைப் பிடிக்கும். கருவியில் கேட்பவர்களில் பலருக்கு, இரண்டு சுரங்களுக்கு இடையே பல சுரத்தான இடைவெளி இருந்தால்தான் எது மேல், எது கீழ் என்று தெரியும். கமகம் முழுவதும் அந்த இடைவெளிக்குள்ளேயே ஒளிந்துவிடும்.

காரணம், இடம் மட்டும் சுருதி அல்ல. நரம்பு துடிக்கும் வேகமும் சுருதியைச் சொல்லும். இயற்கைக் காதில் நரம்புத் துடிப்பு ஒலியலையின் நுண்ணிய ஏற்ற இறக்கத்தோடு ஒட்டியே ஓடும். கருவிகளில் அந்த நுண்விவரத்தின் பெரும்பகுதி வெட்டுப்பட்டுப்போகிறது. வேகத்தை மாற்றிச் சுருதி காட்டினாலும், செக்கனுக்கு 300 துடிப்பு அளவைத் தாண்டியதும் பலருக்கு அதற்கு மேல் சுருதி ஏறுவதாகத் தெரிவதில்லை. மூளை எவ்வளவு பழகினாலும், வராத தகவலை அது உண்டாக்க முடியாது. இட மாற்றத்தை மூளை திருத்தலாம், காணாமல் போன நுண்மையைத் திருத்த முடியாது. பாட்டு பேச்சளவுக்கு முன்னேறாததற்குக் காரணம் நோயாளியின் சோம்பலோ வயதோ அல்ல என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பயிற்சியால் பாட்டை அனுபவிப்பது கூடும். தெரிந்த பழைய பாட்டு, ஒற்றைக் குரல், குறைந்த வாத்தியம் என்று தொடங்கினால் நல்லது.

மற்றக் காதில் கொஞ்சமாவது தாழ்ந்த ஒலி கேட்குமென்றால் அதில் காதுமெசினைக் கழற்றாமல் வைத்திருக்கப் பாருங்கள். அந்தக் கொஞ்சக் கேட்கும் திறன் குரலின் அடிச்சுருதியைக் கொடுக்கும். பாட்டுக்கும் உதவும், ஆண் பெண் குரலைப் பிரிக்கவும் உதவும்.

நாளாந்தம் செய்யக்கூடியவை

விழித்திருக்கும் நேரம் முழுக்கக் கருவி காதில் இருக்க வேண்டும். கிளினிக்குக்கும் கோவிலுக்கும் மட்டும் போட்டால் மூளைக்குச் சாட்சி போதாது. வன்னி வெயிலும் வியர்வையும் வயல் தூசியும் கருவிக்கு எதிரி. இரவில் உலர் பெட்டிக்குள் வைத்து, காலையில் துணியால் துடைத்துப் போட்டால் இடையில் நின்றுபோகும் நாட்கள் குறையும்.

பயிற்சிக்கு விலையான எதுவும் வேண்டாம். வீட்டில் ஒருவர் நிதானமாக வாசிக்க, கருவி வைத்தவர் அதே பக்கத்தைக் கண்ணால் தொடர வேண்டும். பிள்ளையின் தமிழ்ப் புத்தகம் போதும், மனப்பாடமான தேவாரமோ செபமோ இன்னும் நல்லது. அடுத்த சொல் என்ன என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதால், கேட்கும் ஒலி எந்தச் சொல்லுக்குரியது என்று மூளை அந்தக் கணமே சரிபார்க்கிறது. ஒரே குரலில் தொடங்கி, அது இலகுவான பிறகு அடுத்த குரலுக்குப் போகலாம். பிறகு புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்கலாம். பிறகு வானொலிச் செய்தி. டெலிபோன் கடைசியில். நாளுக்கு அரை மணித்தியாலம் விடாமல் செய்வது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணித்தியாலம் செய்வதைவிட மேல் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு விடயத்தில் மட்டும் பொறுத்திருக்கக் கூடாது. மூளை பழகுவதால் வரும் மாற்றம் மெதுவானது, நாளுக்கு நாள் தெரியாது. நேற்று நன்றாக விளங்கிய குரல் இன்று திடீரென்று கரகரத்தால், சுருதி ஒரேயடியாக மாறினால், விட்டுவிட்டுக் கேட்டால், வலியோ தலைச்சுற்றோ வந்தால், அது பழக்கத்தின் வேலை அல்ல. முதலில் பற்றரியையும் வயரையும் மாற்றிப் பாருங்கள். அப்படியும் சரிவராவிட்டால், காந்தம் இருக்கும் இடத்தில் தோல் சிவந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, கருவியையும் கடைசி மெப்பிங் பதிவுகளையும் எடுத்துக்கொண்டு அடுத்த தவணைத் திகதிக்குக் காத்திராமல் கிளினிக்குக்குப் போங்கள்.